யூர்மோவுக்குப் போகும் வழி

குன்னெல் சமையலறை மேசையில் கடல் வரைபடத்தை விரித்து, காபிக் கோப்பை, வெண்ணெய்க் கிண்ணம் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் மூலைகளில் வைத்து அழுத்தினாள். அதைப் பார்த்ததுமே மைலிஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். நாகு தீவுக்குத் தெற்கே யாரோ மிளகைக் கொட்டிவிட்டதுபோல் வரைபடமெங்கும் பாறைகள்.

"ஜூலையில ஒரு வாரம். யூர்மோ தீவுல அந்த மரக் கோயில், துறவிங்க அடுக்கினதா சொல்ற கல் வட்டம், எல்லாத்தையும் ஆற அமர பாக்கணும். நம்ம படகுலயே போயிடலாம்," என்றாள் குன்னெல்.

"அதான் பயணிகள் கப்பல் போகுதேக்கா. அதுல போனா என்ன?"

"குளியல் தொட்டி நிறைஞ்சாலே உனக்குப் பயம். உன்னைக் கேட்டு நான் திட்டம் போட்டா நாம வாசப்படி தாண்ட மாட்டோம்டி."

குன்னெல் ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டு நாகு தீவிலேயே தங்கிவிட்டவள். கணவர் இறந்த பிறகும் படகை விடவில்லை. தங்கை மைலிஸ் ஓபு நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். கடலைச் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் அக்கா இந்த விடுமுறைக்கு இப்படிப் பறப்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. அடுத்த வருடம் போகலாமே என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணு செய்வோம். ஞாயித்துக்கிழமை பாதி தூரம் போய்ப் பாப்போம். பிடிக்கலைன்னா உன் இஷ்டம்," என்றாள் குன்னெல் கடைசியில்.

மே மாதத்து ஞாயிறு வெயிலோடுதான் விடிந்தது. மைலிஸ் மிதவைச் சட்டையின் வாரை மூச்சுமுட்ட இறுக்கி, வரைபடத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குன்னெல் சுக்கானைப் பிடித்தபடி சீட்டியடித்தாள். தீவுகள் ஒவ்வொன்றாக விலகி வெட்டவெளி தொடங்கும் இடத்தில், அவள் எதையோ உற்றுப் பார்த்தாள். எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று நிறத்தால் காட்டும் கம்பங்கள் தண்ணீரில் அங்கங்கே நின்றன.

"மைலிஸ், அந்தக் கம்பம் பச்சையா, சிவப்பா?"

"எந்தக் கம்பம்? அதுவா? அது பின்னாடி போயிடுச்சேக்கா."

"தெரியும், தெரியும். நீ முழிச்சிருக்கியான்னு பாத்தேன்."

அவள் சிரித்த சிரிப்பு சரியில்லை. மைலிஸ் அதைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் மூடுபனி வந்துவிட்டது. அது தெற்கேயிருந்து சுவர்போல நகர்ந்து வந்து, முதலில் அடிவானத்தையும், அப்புறம் தீவுகளையும், கடைசியில் படகின் மூக்கையும் விழுங்கியது. குளிர் கழுத்துக்குள் இறங்கியது. சத்தம் கேட்க வேண்டும் என்று குன்னெல் எஞ்சினை நிறுத்தினாள்.

கப்பல் சங்கு ஊதியது.

அது காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் அதிர்ந்தது. எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் இருந்தது.

"அக்கா, நாம எங்க இருக்கோம்?"

குன்னெல் தலையை இங்கும் அங்கும் திருப்பிப் பனிக்குள் பார்த்தாள்.

"அக்கா."

"எனக்குத் தெரியலடி." குன்னெலின் கை சுக்கானிலிருந்து நழுவியது. "அந்தக் கம்பமே எனக்குத் தெரியல. குளிர்காலத்துலேர்ந்து பார்வைக்கு நடுவுல ஒரு அழுக்குத் திட்டு. நேரா எதைப் பாத்தாலும் அது மறைக்குது. டாக்டரைத் தவிர யாருகிட்டயும் சொல்லல."

மைலிஸுக்கு அழ வேண்டும் போலவும், அக்காவை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது. மறுபடியும் சங்கு ஊதியது, இன்னும் தாழ்வாக, இன்னும் கிட்டத்தில். அடியில் தண்ணீர் மெல்ல நடுங்கத் தொடங்கியது.

மடியிலிருந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். கம்பத்தின் தப்பான பக்கம் வந்திருந்தால் இது சரக்குக் கப்பல் பாதை. அது தெற்கு வடக்காக ஓடியது. குறுக்கே கிழக்கில் போனால் ஆழம் குறையும், கப்பல் அங்கே வராது.

"தள்ளு," என்றாள்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"எப்படின்னு சொல்லு. சீக்கிரம் சொல்லு."

எஞ்சின் சாவி அவள் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. திசைகாட்டி முள்ளைக் கிழக்கில் நிறுத்தி, குன்னெல் சொன்னபடி விசையைத் தள்ளினாள். முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பார்த்தால் உடம்பு கேட்காது என்று தெரிந்தது. பின்னால் பனி கறுத்தது. கறுப்பு ஒரு சுவராகி, துருப்பிடித்த தகடுகளோடு, அவர்கள் சற்று முன் நின்ற இடத்தின் வழியே போய்க்கொண்டே இருந்தது. அதன் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. குன்னெல் தங்கையின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் படகின் அடிப்பகுதி ஒரு மொட்டைப் பாறையில் உரசி நின்றது. பாறைமேல் ஏறியதும் மைலிஸ் மண்டியிட்டுக் காலைச் சாப்பாட்டை வாந்தியெடுத்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"ரெண்டு கண்ணும் போயிடுமாம். எப்பன்னு சொல்ல முடியாதாம். அதுக்குள்ள ஒரு தரம் யூர்மோவைப் பாத்துடணும்னு இருந்தேன்."

"அதுக்காக என்னைக் கொல்லப் பாத்தியா?"

"உன்கிட்ட சொன்னா படகைப் பிடுங்கிக்குவ."

"ஆமா, பிடுங்கிக்கத்தான் போறேன்."

மதியத்துக்கு மேல் பனி கலைந்ததும் இருவரும் படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். வீடுவரை மைலிஸே ஓட்டினாள். தெரிந்த கம்பத்தை எல்லாம் நிறத்தோடு சொன்னாள், குன்னெல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொன்னாள். பயம் ஒரு பொட்டும் குறையவில்லை. துறையில் கயிற்றைக் கட்டிய பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

அன்று மாலையே மைலிஸ் பயணிகள் கப்பலின் நேரங்களை விசாரித்தாள். ஜூலை வரை போக வேண்டாம், ஜூன் முதல் வாரமே போகலாம் என்றாள்.

"என்னை மூட்டை முடிச்சு மாதிரி ஏத்திட்டுப் போவியா?" என்றாள் குன்னெல், சுவரைப் பார்த்தபடி.

"ஆமா. நீ வாயை மூடிக்கிட்டு வர்ற மூட்டை."