ஓட்டுநரிடம் பேசக்கூடாது

"டென்ஷனைக் குறைங்க" என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். புண்ணியவான், வெளியே காத்திருந்த கணவனையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லித் தொலைத்தார்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பணிமனையில் வருடா வருடம் ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை உண்டு. இந்த முறை இரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு வாரம் லீவு போட்டு வீட்ல நிம்மதியா இருங்க. வந்து பார்க்கும்போதும் இறங்கலைன்னா வண்டி தர முடியாதும்மா, டிக்கெட் கவுன்ட்டர்லதான் உட்காரணும்" என்றார்.

வீட்டில், நிம்மதியாக! நல்லா இருக்கே கதை!

அவளுக்கு நிம்மதி கிடைக்கிற ஒரே இடம் அந்த ஓட்டுநர் இருக்கைதான். கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருக்கும்: 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது.' நெரிசலும் ஹாரனும் வெயிலும் எவ்வளவு இருந்தாலும், அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டால் ஒரு ஜீவனும் அவளைக் கேள்வி கேட்காது. அதை விட்டுவிட்டுக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்துக் கத்துகிறவர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டுவதா?

கணவன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அவருக்கு ரேடியோ என்று பெயர், அணைக்கத்தான் பொத்தான் கிடையாது. அவருக்கும் அப்போது விடுமுறை. அன்று சாயங்காலமே பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

"கையை நீட்டு."

"இப்பதானே பார்த்தீங்க?"

"அது சாப்பிடறதுக்கு முன்னாடி. இது சாப்பிட்ட பிறகு. டென்ஷன் ஆகலையே?"

"இல்லைங்க."

"முகத்தைப் பார்த்தா ஆன மாதிரி இருக்கே. அம்மா, இங்க வந்து பாருங்க!"

மாமியார் வந்து பார்ப்பார். வெறும் கையோடு வரமாட்டார், கையில் உரித்த பச்சைப் பூண்டு இருக்கும். "கடிச்சு முழுங்கு. எங்க அக்காவுக்கு இதுலதான் இறங்கிச்சு" என்று நின்று காவல் காப்பார். அந்த அக்கா பிரஷர் முற்றித்தான் போய்ச் சேர்ந்தார் என்பதை யார் வாயைத் திறந்து சொல்வது? அவள் முழுங்கினாள். கல்லூரிக்குப் போகிற மகள், போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று, "அம்மா, மூச்சை இழு... இழு... விடச் சொல்றதுக்கு முன்னாடி ஏன்மா விட்ட?" என்று அதட்டினாள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

இதுவாவது பரவாயில்லை. கெட்ட சேதி எதையும் அவள் காதில் போடக்கூடாது என்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள் பாருங்கள், அதுதான் உச்சம். அவள் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு டக்கென்று நிற்கும். மகள் கூரையைப் பார்ப்பாள். மாமியார் இல்லாத தூசியைத் தட்டுவார்.

"என்ன பேசிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணுமில்லையே. நீ நிம்மதியா இரு."

யார் செத்தார்கள் என்று அவள் ஒரு நாள் முழுக்கத் தவித்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உயிரோடுதான் இருக்கிறார்களா என்று சுற்றி வளைத்து விசாரித்தாள். கடைசியில் குளியலறைக் கதவைத் திறந்தபோது விஷயம் தெரிந்தது. துவைக்கிற மெஷினைத் தானே ரிப்பேர் செய்கிறேன் என்று கணவன் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டிருந்தார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அதை மறைக்க மூன்று பேரும் ராத்திரி ராத்திரியாகக் கையால் துவைத்திருக்கிறார்கள்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னங்க?"

"சொன்னா நீ டென்ஷன் ஆவியே!" என்றார் கணவன், பிரஷர் மெஷினோடு ஓடி வந்து. "கையை நீட்டு."

பரிசோதனை நாளும் வந்தது. "நான் தனியாப் போயிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? பணிமனையின் மருத்துவ அறைக்குள் நான்கு பேராகத்தான் நுழைந்தார்கள். நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றினார். "ரிலாக்ஸ்! ரிலாக்ஸ்!" என்றார் கணவன். "மூச்சும்மா!" என்றாள் மகள். மாமியார் கைப்பையில் பூண்டைத் துழாவினார்.

நர்ஸ் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அந்த மூன்று பேரையும் பார்த்தார். "அதிகமாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கிறேன். அதுலயும் இறங்கலைன்னா டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடுவேன்."

போச்சு, கவுன்ட்டர்தான். எழுந்து விறுவிறுவென்று வெளியே வந்தாள். வாசலுக்கு எதிரே அவளுடைய வண்டி, அப்போதுதான் கழுவி, ஈரத்தோடு நின்றது. சாவி அதிலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

பின்னாலேயே கணவன் மூச்சிரைக்க ஏறினார். "இங்க பாரு, நான் சொல்றதை..." என்று தொடங்கியவர் நிமிர்ந்தார். சிவப்பு எழுத்தைப் படித்தார். வாத்தியார் அல்லவா, எழுதி ஒட்டியிருந்தால் மீறமாட்டார். வாயை மூடிக்கொண்டு, முதல் இருக்கையில், கையை மடியில் வைத்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே இடத்தில் இப்படிப் பேசாமல் இருந்ததே இல்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பாவம், பயந்து போயிருந்தார். தனக்காகத்தான் இந்த மனுஷன் இத்தனை நாள் பயந்து செத்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் மெல்ல வடிந்தது.

நர்ஸ் மெஷினோடு தேடிக்கொண்டு வந்து படிக்கட்டில் ஏறினார். "இங்கயே கையை நீட்டுங்க, போதும்." பட்டை இறுகித் தளர்ந்தது. இன்னொரு முறையும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நல்லா இறங்கிடுச்சு. இதையே டாக்டர்கிட்ட காட்டறேன். நாளையிலிருந்து வண்டி எடுக்கலாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

நர்ஸ் இறங்கிய அடுத்த நொடி முதல் இருக்கை உயிர்பெற்றது.

"பார்த்தியா! நான் அப்பவே சொன்னேன்ல? அந்தப் பூண்டு, மூச்சுப் பயிற்சி, அப்புறம் நான் வேளா வேளைக்கு மெஷின்ல பார்த்த..."

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையைச் சுட்டிக் காட்டினாள். அவர் பலகையை இன்னொரு தடவை படித்தார். கண்ணில் வெற்றி மின்னியது.

"வண்டி ஓடும்போதுதானே? இப்ப ஓடலையே!"

அவள் சாவியைத் திருப்பினாள்.