பிடிமண்ணில் வந்தவர்கள்

ஜோகூர்ப் பக்கம் பாலோ ஸ்டேஷன்ல இறங்கி கித்தாக் காட்டுக்குள்ள நடந்தா எங்க தோட்டம். ரப்பர்ப் பால் மரம் இருந்துச்சு, கூலிங்க குடியிருக்க லயம் இருந்துச்சு, கள்ளுக்கடைகூட இருந்துச்சு. சாமிதான் இல்ல. பிள்ளைக்கு அம்மை வந்தா எங்க போய் வேண்டுறது? யாரு காலுல விழுறது?

சும்மா ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசிட்டா மாரியாத்தா வந்து உக்காந்துருவாளா? ஊர்ல அவ கோயில்ல பூசை போட்டு, உத்தரவு கேட்டு, அவ காலடியிலேந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வரணும். அந்த மண்ணை அடியில வச்சு மேல கல்லை நிறுத்தினாத்தான் அவ அங்கயும் இருப்பா, இங்கயும் இருப்பா. பிடிமண்ணுன்னா அதான். பெரிய வெள்ளம் வந்து போன மறு வருஷம், கங்காணி ஐயாசாமி எல்லாரையும் கூட்டிப் பேசி, எம் புருஷன் வீரமுத்துவை அதுக்காக ஊருக்குக் கப்பல்ல அனுப்பினாரு. அவருக்கு வாய் கிடையாது, சொன்ன வேலையை முடிப்பாரு. வாயெல்லாம் எனக்குத்தான், ரெண்டு பேருக்கும் சேர்த்து.

எனக்கு அந்தக் கப்பல் பயணம்னாலே ஆகாது. நாங்க முதல்ல வந்தப்ப எம் மக செல்லாயிக்கு நாலு வயசு. சிங்கப்பூருக்குக் கிட்ட ஒரு தீவு இருக்கு. கூலிக் கப்பல்ல வர்ற அத்தனை பேரையும் அங்க இறக்கி, துணிமணியெல்லாம் மருந்துத் தண்ணியில முக்கி, நோவு இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் விடுவாங்க. அங்க வச்சு அவளுக்குப் பேதி கண்டுச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டா. குடுக்கக் குடுக்க வெளியே போச்சு. சின்னப் பிள்ளையை எரிக்கிறது நம்ம வழக்கம் இல்லையே, கரையோரம் மணல்ல புதைச்சோம். ஊத்தறதுக்கு ஒரு சொட்டுப் பால்கூட இல்ல. மறுநாளே படகு வந்துருச்சு, ஏறுன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். புடிச்சுத் தூக்கித்தான் ஏத்துனாங்க.

அதுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கலை. உக்காந்து அழுதவ இல்ல நான். கண்ணுல பட்டவங்களை எல்லாம் ஏசியே காலத்தை ஓட்டிட்டேன்.

வைகாசியில அவரு திரும்பி வந்தாரு. மஞ்சத் துணியில மண்ணு முடிஞ்சு கொண்டாந்திருந்தாரு. பூசாரி மணியம் குழி தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி, மேல கல்லை நிறுத்தி, சூலத்தை நட்டாரு. அத்தாப்பு ஓலைக் கூரை போட்டோம். எல்லாரும் குலவை விட்டாங்க. எம் புருஷன் மட்டும் தள்ளியே நின்னாரு. கப்பல் களைப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆடி மாசம் கூழ் ஊத்தினோம். நல்ல உச்சி வேளை. ஒரு இலை அசையலை. உடுக்கை அடிச்சதும் ராசம்மாவுக்கு அருள் வந்துச்சு. அவ எங்க அடுத்த வீட்டுக்காரி, ஊர்லேயே சாமி ஆடினவ. அவமேல ஆத்தா இறங்கினா நாலு ஆம்பளை சேர்ந்தாலும் அடக்க முடியாது. அவ்வளவு ஆட்டம், அவ்வளவு சத்தம்.

அன்னிக்கு அவ ஆடலை. அப்படியே தரையில குந்தினா. முழங்காலைக் கட்டிக்கிட்டு, குளிருல நடுங்குறவங்க மாதிரி ஒடுங்கிப் போனா. பூசாரி வேப்பிலையால தடவி, யாரு வந்திருக்கீங்க தாயே, என்ன வேணும்னு கேட்டாரு. கோழி கேப்பா, சேலை கேப்பான்னு காத்துக்கிட்டிருக்கோம். அவ தண்ணி கேட்டா. ஒரு செம்பு குடிச்சா. இன்னொண்ணு குடிச்சா. குடத்தையே தூக்கிக் குடிச்சா. அப்புறம் எல்லார் மூஞ்சியையும் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, "எங்களை எப்பங்க விடுவாங்க?" அப்படின்னா.

அது ஆத்தா பேசுற பேச்சா? பூசாரிக்கு வேப்பிலை கையை விட்டு நழுவிருச்சு. அவ திரும்பவும் தண்ணி கேட்டா, இந்தத் தடவை தெலுங்குல. ராசம்மாவுக்குத் தெலுங்குல ஒரு வார்த்தை தெரியாது, சத்தியமா. குரலும் அவளுது இல்ல. அதுக்குப் பிறகு ஒரு கிழவன் இருமுற இருமல். அதுக்குப் பிறகு ஒரு பொம்பளை தாலாட்டு மாதிரி முனகுறா. எல்லாம் அந்த ஒரே வாய்லேந்து. கூழு பானையோட அப்படியே கிடக்க, எல்லாரும் லயத்துக்கு ஓடி வந்துட்டோம்.

வீட்டுக்குள்ள வந்ததும் அவரைப் புடிச்சுக்கிட்டேன். உள்ளதைச் சொல்லலைன்னா இந்த அடுப்பை இனிமே பத்தவைக்க மாட்டேன்னேன். மனுஷன் சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. ஆத்தா மண்ணை அவரு ஒழுங்காத்தான் எடுத்திருக்காரு. தீவுல இறக்கினப்ப மூட்டையோட மருந்துத் தொட்டியில போட்டுட்டாங்க. மண்ணு கரைஞ்சே போச்சு. வெறுங்கையோட வந்து தோட்டத்துல என்ன சொல்றதுன்னு தெரியாம, கரையோரம் போய், பிள்ளையைப் புதைச்ச இடம் இதுதான்னு ஒரு அடையாளத்துல குந்தி, அங்கேந்து ஒரு பிடி அள்ளிட்டு வந்திருக்காரு. "சாமி இல்லாட்டியும் நம்ம பிள்ளையாவது வரட்டுமேன்னு பாத்தேன் புள்ள" அப்படின்னாரு.

நான் ஏசுவேன்னுதான் நெனச்சிருப்பாரு. எனக்கு எங்கேந்து கோவம் வரும்? வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. எம் பிள்ளை எங்கிட்ட வந்துட்டா. மத்தவங்க குரலும் கேட்டுச்சு, சரிதான். அந்தக் கரையில அவளை மட்டுமா புதைச்சாங்க? எத்தனையோ கப்பல், எத்தனையோ பேரு. ஒரு பிடி மண்ணுன்னா எல்லாரும் கலந்துதானே வருவாங்க. அவங்களுக்கு நடுவுல எங்கயோ அவ இருக்கா. எனக்கு அது போதும்.

மறுநாள்லேந்து பால் வெட்டு முடிஞ்சதும் வெல்லமும் சோறும் எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போயிடுவேன். வேற யாரும் வர மாட்டாங்க. குடத்துல தண்ணி நிரப்பி வச்சுட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். குடத்துல தண்ணி குறையும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன், ஒரு உறிஞ்சுற சத்தம்கூட வராது, தண்ணி மட்டும் இறங்கும். சில நாள் பின்னால யாரோ வரிசையா நிக்கிற மாதிரி மூச்சுக் காத்து கழுத்துல படும். திரும்ப மாட்டேன். பயம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எம் பிள்ளை அதுல ஒருத்தியா இருந்தா, நான் திரும்பிப் பாத்து அவ மறைஞ்சுட்டா என்ன பண்றது?

விஷயம் எப்படியோ கங்காணி காதுக்குப் போயிருச்சு. அவரு குதிச்சாரு. சுடுகாட்டு மண்ணை வச்சா சூலம் நட்டீங்க, வெள்ளிக்கிழமை தோண்டி எடுத்து ஆத்துல கொட்டணும்னுட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவரு வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு. ஆனா எனக்கு உசுரே போச்சு. ரெண்டாந் தடவை எம் பிள்ளையை எங்கிட்டேந்து பிரிக்கப் பாக்குறாங்க. போய் அவரு காலுல விழுந்தேன். நானு, யாருக்கும் குனியாத வெள்ளையம்மா. அவ வாயால ஒரு தடவை அம்மான்னு கூப்பிடட்டும், அப்புறம் என்ன வேணா செய்யுங்கன்னேன். பூசாரியும் வந்திருக்கறவங்களைக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு எனக்காகப் பேசினாரு. கங்காணி வேண்டா வெறுப்பா ஒத்துக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை உச்சியில மண்வெட்டி ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம். ராசம்மா முதல்ல வர மாட்டேன்னு அழுதா. என் மூஞ்சியைப் பாத்துட்டு வந்தா, புண்ணியவதி. உடுக்கை கேட்டதும் குந்திட்டா. தண்ணி குடுத்தோம். குடிச்சு முடிக்கட்டும்னு காத்திருந்து, நான் அவ முன்னால மண்டி போட்டு, செல்லாயி, அம்மா வந்திருக்கேன், பேசு கண்ணுன்னேன்.

ராசம்மா வாய்லேந்து அந்த இருமல் கிழவன் குரல்தான் வந்துச்சு.

"பச்சைப் பாவாடை கட்டின பாப்பாவா தாயி?"

பாவாடை பச்சைன்னு எனக்கும் எம் புருஷனுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? ஆமாங்க ஐயா, அவளைக் கூப்பிடுங்கன்னேன்.

"அது எங்ககூட வரலை. மண்ணை அள்ளுறப்ப நாங்க எல்லாரும் கையில தொத்திக்கிட்டோம். அதையும் வா வான்னு கூப்பிட்டோம். உங்க அப்பன்தான் வந்திருக்கான்னுகூடச் சொன்னோம். எங்கம்மா கப்பல்ல வருவாங்க, வந்து தேடுவாங்கன்னு சொல்லிட்டு அங்கயே நின்னுக்கிச்சு. இன்னும் தண்ணி இருக்கா?"

என் கையாலதான் ஊத்தினேன். குடிச்சாங்க.

மண்ணை யாரும் தோண்டலை. கங்காணியே மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிட்டாரு. அகாலத்துல போனவங்க, கும்பிட்டா காவல் நிப்பாங்க, விரட்டினா எங்க போவாங்கன்னு பூசாரி சொன்னாரு. ஆத்தாளுக்கு வேற பிடிமண்ணு வரட்டும், பக்கத்துலயே இருந்துக்கட்டும்னு முடிவாச்சு.

நான் அந்தத் தீவுக்குப் போக வழி கேட்டேன். ஜோகூர்லேந்து ஒரு நாள்கூட ஆகாது, ஆனா இங்கேந்து யாரையும் அங்க இறங்க விட மாட்டாங்களாம். ஊர்லேந்து கூலிக் கப்பல்ல வர்றவங்களைத்தான் இறக்குவாங்களாம். அப்படின்னா ஊருக்குப் போயி, புதுசாப் பேரு குடுத்து, மறுபடியும் கூலியா ஏறி வர்றேன்னேன். இந்த வயசுல உனக்குப் பைத்தியமா புள்ளன்னு எம் புருஷன் கேட்டாரு. ஆத்தா மண்ணும் எடுக்கணும்ல, நானே எடுத்துட்டு வர்றேன்னுட்டேன்.

தை மாசம் கப்பல். பச்சைத் துணி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். நாலு வயசுக்கு அளவா வெட்டுறதா, இல்ல வளர்ந்திருப்பாளான்னுதான் தெரியலை.