சும்மா விடத் தெரியாதவள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மாடியறையில் சர்வர்களைக் கவனிக்கும் பெண்ணுக்கு வேலை புதிது, வாய் மட்டும் நீளம். ரிப்போர்ட்டுகளெல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸைக் கவனிக்கும் பெரியவருக்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. "நாள் பூரா திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. மெஷினை ஓட்டத் தெரிஞ்சா போதாதா? டேட்டாபேஸ் தானா ஓடப்போகுது" என்பாள். கீழே கவுன்ட்டரில் ரிப்போர்ட் கொடுக்கும் அவளுடைய அப்பா அதைக் கேட்டுப் பூரித்துப்போவார்.

தூங்குமூஞ்சி விடுப்பில் இருந்த அன்று காலை டேட்டாபேஸ் மந்தமானது. இவள் யோசிக்கவே இல்லை. சர்வரை அப்படியே அணைத்துப் போட்டாள். சர்வர் எழுந்தது, டேட்டாபேஸ் எழவில்லை. கொஞ்சம் பார்த்தாள், பொறுமை போனது, மறுபடி அணைத்தாள். பிறகு இன்னொரு தடவையும்.

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு அம்மாளின் கணவருக்கு மதியம் ஆபரேஷன். ரிப்போர்ட் இல்லாமல் டாக்டர் கத்தியை எடுக்க மாட்டார். அந்த அம்மாள் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. "மேல எம்பொண்ணு இருக்காம்மா, இப்ப சரி பண்ணிடுவா" என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் இவள் தூங்குமூஞ்சிக்குப் போன் போட்டாள். அப்பாவும் மூச்சிரைக்க மாடியேறி வந்து நின்றார். திரையில் பதிவாகியிருந்ததை அவள் படித்துக் காட்டியதும் ஸ்பீக்கரில் பெரியவரின் குரல் நிதானமாக வந்தது.

"பாதியில அணைச்சா, அரைகுறையா நின்னதையெல்லாம் சரிபாத்துட்டுத்தான் அது எந்திரிக்கும். அதுக்குள்ள திரும்ப அணைச்சா முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். சும்மா விட்டிருந்தா எப்பவோ வந்திருக்கும். யாரு திரும்பத் திரும்ப அணைச்சது?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றார் அப்பா. "கீழ கத்தினாங்க, அவசரத்துல வந்து தட்டிட்டேன். பாப்பா அப்ப இங்க இல்ல."

"இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க. உங்க பொண்ணுகிட்ட விட்டுடுங்க, அவளுக்குத் தெரியும்."

டேட்டாபேஸ் எழுந்தபோது மாலையாகியிருந்தது. ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அணைத்தது தான்தான் என்று அப்பா கீழேயும் சொல்லிவிட்டிருந்தார். அந்த அம்மாள் ரிப்போர்ட் வாங்க வந்தபோது இவள் படியில் நின்றிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு படி இறங்கி, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால் வரவில்லை.

"தெரியாத வேலையில எதுக்குங்க கை வைக்கிறீங்க? அவரு பாவம், காலையிலேர்ந்து பட்டினி" என்றார் அந்த அம்மாள்.

"தப்புதாம்மா," என்றார் அப்பா. "நல்லவேளை, எம்பொண்ணு இருந்தா."