மாற்றிப் போட்ட சட்டை

“கையை எடுங்க மாப்ள!”

குளிப்பாட்டுவதற்காகப் பிணத்தின் சட்டையைக் கழற்றப்போன மைத்துனன் அப்படியே நின்றுவிட்டான். மலையாண்டி குனிந்து மகனின் காலரைத் திருப்பினார். வெள்ளை மல் சட்டை. உள்ளே யாரோ ஒரு வண்ணான் போட்ட குறி.

“இது எம்மவன் சட்டை இல்ல.”

மதுரையில் காலேஜ் விடுதியில் பால்சாமி காமாலை கண்டு செத்துப்போனான் என்று, விடுதிப் பையன்கள் நாலு பேர் காலையில்தான் லாரியில் கொண்டுவந்து, சிக்கல் ஊரைத் தாண்டி இவர்கள் தெருவில் இறக்கியிருந்தார்கள். காமாலையாம், காமாலை! லீவு முடிந்து கல்லு மாதிரி கிளம்பிப் போன பயல். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியும் டீக்கடைகளில் மலையாண்டி சாதிக்கு டம்ளர் கிடையாது, கொட்டாங்கச்சிதான். அவர் மகன் பெரிய வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? அடித்திருப்பார்கள். ரத்தம் பட்ட சட்டையை எரித்துவிட்டு இதை மாட்டியிருப்பார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடியபடியே குளிப்பாட்டினார். ஒரு கீறல் இல்லை. கண்ணும் நகமும் மட்டும் மஞ்சள். அப்போதும் மனசு ஆறவில்லை. வெள்ளைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் நின்ற நாலு பேரில் ஒருவன் மட்டும் அந்த வெயிலிலும் துண்டைக் கழுத்துவரை போர்த்தியிருந்தான். முழிக்கிற முழியே சரியில்லை.

“ஏலே, துண்ட எடு.”

அவன் எடுக்கவில்லை. இவர் பிடித்து இழுத்தார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. பரமக்குடியில் அவரே எடுத்த துணி. கிழிந்த சட்டைப்பையில் அவர் பெண்டாட்டி இருளம்மாள் கறுப்பு நூலால் போட்ட தையல்.

“அட களவாணிப் பயலே! எம்மவனக் கொன்னுட்டு அவன் சட்டையவே போட்டு வந்திருக்கியா?” மலையாண்டி அவன் காலரைப் பிடித்துவிட்டார்.

“அய்யா, நான் குருநாதன். அவனும் நானும் ஒரே ரூம். இது எங்க விடுதி வழக்கம்யா. சேந்த அன்னைக்கே ஒரே ரூம்காரங்க சட்டைய மாத்திக்கணும். யாரு எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரியக் கூடாதுன்னு மொத மொத இருந்தவங்க வச்சது. விடுதிய விட்டுப் போற அன்னைக்கு அதையே போட்டு வந்து, திருப்பி மாத்திக்கணும்.” அவன் வீட்டுக்குள்ளே கையைக் காட்டினான். “அவன் இன்னைக்குத்தானய்யா போறான்.”

“பின்ன எதுக்கு மூடுன?”

“அம்மா பாத்தா தாங்க மாட்டாங்கன்னு.”

மலையாண்டி பிடியை விடவில்லை.

“கடைசில தண்ணி கேட்டானா?”

“கேட்டான்யா.”

“யாரு குடுத்தா?”

“நான்தான்.”

“எதுல?”

குருநாதனுக்குக் கேள்வி புரியவில்லை. “என் டம்ளர்லதான்யா. வேற எதுல?”

காலரைப் பிடித்திருந்த கை தானாக நழுவியது. குருநாதன் அழுதுகொண்டே நீலச் சட்டையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். மலையாண்டி ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுவிட்டார். பிறகு வெள்ளைச் சட்டையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“அங்கன என்ன நிக்கிற? உள்ள வா. அவன் கை வெறச்சிருக்கு, சட்ட போடணும். ஒரு பக்கம் பிடி.”