டொறீன் வீட்டுப் பை

பலாபத்வலைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஒழுங்கையில் இப்போது குப்பையைச் சும்மா வெளியே வைக்க முடியாது. பிரதேச சபை விற்கும் சிவப்புப் பையில் கட்டி வைத்தால்தான் செவ்வாய்க்கிழமை லொறி எடுக்கும். குப்பை கூடினால் பையும் கூட வாங்க வேண்டும்.

டொறீனுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. இந்தத் தவக்காலத்துக்குத் தன் ஒறுத்தல் முயற்சி இதுதான் என்று சாம்பல் புதனன்றே முடிவு செய்துவிட்டாள். ஒரு பையை இரண்டு கிழமைக்கு வைத்துக்கொள்வது, மிஞ்சும் காசை ஏழைகளின் உண்டியலில் போடுவது. மரக்கறித் தோலெல்லாம் வாழையடிக்குப் போயிற்று. பால்மா பக்கற்றுகள் கழுவப்பட்டு, பழைய சாமான்காரனுக்காகக் கொடியில் காய்ந்தன. இதை ஆண்டவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஞாயிறு பூசை முடிந்ததும் எதிர்வீட்டு ஜெனிஸ்டாவுக்கும் சொன்னாள்.

"எங்க பை இன்னும் பாதி கூட நிறையல புள்ள."

"அப்ப நீங்க சாப்பிடுறதே இல்லையாக்கா?" என்றாள் ஜெனிஸ்டா.

பாரமான பையைக் குரங்குகள் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. டொறீனின் பை பஞ்சு மாதிரி இருந்தது. மறுநாளே ஒரு குரங்கு அதை இழுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போய், கலாராணி வீட்டுப் பின்வளவில் கிழித்துக் கொட்டியது.

பொறுக்கி எடுக்கப் போன டொறீன், கோழிக்கூட்டுக்குப் பின்னால் தகரத்தால் மூடி அடுக்கியிருந்த அரிசிச் சாக்குகளைக் கண்டாள். அவற்றிலும் ஒன்று கிழிந்திருந்தது. உள்ளே பெரியவர்களுக்குக் கட்டிக் கழற்றிய பம்பஸ்.

கலாராணியின் கணவன் உதயராஜ் கண்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். மிதிபலகையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து படுக்கையில்தான். டொறீன் அடிக்கடி சூப் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் இதைப் பற்றி அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சத்தம் கேட்டு கலாராணி வெளியே வந்தாள். "பாக்காதீங்கக்கா," என்று மெதுவாகச் சொன்னாள்.

"ஏன் புள்ள இங்க வச்சிருக்க?"

"இத்தனைக்கும் பை வாங்க ஏலாதுக்கா. வாங்கினாலும், வாசல்ல வரிசையா வச்சா ஆளாளுக்குக் கேப்பாங்க, ரெண்டு பேர் இருக்கிற வீட்ல என்ன இவ்வளவு குப்பைன்னு. அவருக்கு எந்திரிக்கத்தான் முடியல. காது நல்லா கேக்குது."

பணமாகக் கொடுத்தால் கலாராணி வாங்கமாட்டாள். சூப் கோப்பையைக்கூட வெறுமையாகத் திருப்பித் தராதவள் அவள். டொறீன் சிறிது யோசித்தாள்.

"நீதான் எனக்கு ஒரு உதவி செய்யணும். என் பையக் குரங்கு தூக்கிட்டுப் போயிருது. உள்ள பாரமா ஏதாச்சும் வேணும்."

"ஒரு கல்லப் போடுங்க."

"கல்லப் போட்டா லொறிக்காரப் பையன் என் தலையில போடுவான்."

கலாராணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து மாலைச் செபம் முடிந்ததும் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள் வேலிக்கு மேலாக டொறீனின் கைக்கு வந்தன. சாக்குகளும் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின.

அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை டொறீன் வீட்டு வாசலில் இரண்டு பைகள் புடைத்துக்கொண்டு நின்றன. லொறிக்காகக் காத்திருந்த ஜெனிஸ்டா, பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டுப் புஷ்பவதியை முழங்கையால் இடித்தாள்.

"என்னக்கா, ஒறுத்தல் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? பெரிய வெள்ளிக்கு இன்னும் நாள் கிடக்கே."

டொறீனின் முகம் சூடேறியது. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் கலாராணி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. டொறீன் பொய்யும் சொல்லவில்லை, உள்ளதை விளக்கவும் இல்லை.

"இந்தக் கிழமை கூடிப்போச்சு புள்ள."

"உண்டியல் பாவம்," என்றாள் ஜெனிஸ்டா. புஷ்பவதி சிரித்தாள்.

அப்போது கலாராணி வாசலுக்கு வந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் இறுகப் பிடித்திருந்தாள்.

"அது எங்க வீட்டுக் குப்பை ஜெனிஸ்டாக்கா. அவரோட பம்பஸ். டொறீனக்கா அவங்க பையில போட்டுக்கிறாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஜெனிஸ்டா பைகளைப் பார்த்தாள். பிறகு தன் வாசலில் தொளதொளவென்று கிடந்த பையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கலா. எங்க பையில பாதி இடம் சும்மா கிடக்கு."

"எங்களோடதுலயும் தான்," என்றாள் புஷ்பவதி.

ஜன்னலுக்கு உள்ளிருந்து உதயராஜின் குரல் வந்தது. "இடம் இருந்தா முன்னுக்குப் போகச் சொல்லு கலா. பின்னுக்கு இன்னும் ஆள் நிக்குது."

விழுந்த நாளுக்குப் பிறகு அவன் பஸ்ஸில் கத்துவது போலக் குரல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கலாராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்து நின்ற லொறியின் சாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு அவனும் காத்திருந்தான்.

மறுநாள் மாலை, செபம் முடித்து டொறீன் வேலியடியில் போய் நின்றாள். பொட்டலம் ஒன்றும் வரவில்லை.

"கலா, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"

"இந்தக் கிழமை ஜெனிஸ்டாக்கா முறை. அடுத்தது புஷ்பவதியக்கா."

"அப்ப நான்?"

"அதுக்கு அடுத்ததுக்கா. அவங்க ரெண்டு பேரும் முந்திக் கேட்டுட்டாங்க, நான் என்ன செய்ய?"

டொறீன் வெறுங்கையோடு வீட்டுக்குள் போனாள். அன்றிரவு படுக்கும்முன் உதயராஜின் இடுப்புக்காக வேண்டினாள். பிறகு ஜெனிஸ்டாவுக்காகவும் வேண்டிக்கொண்டாள். கொஞ்சம் பொறாமையோடுதான்.