மாதிரிக் கையெழுத்து

வங்கிக் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை ஒரு கையிலும், நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, புடவைக்கு ஜாக்கெட் துணி பொருந்துகிறதா என்று பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தாள். பொருந்தவில்லை. இரண்டு கையெழுத்தும் வேறு வேறாக இருக்கின்றனவே என்றாள். குரலில் தேன் வடிந்தது. நான் படிக்க வந்திருக்கும் இந்த வெளிநாட்டு ஊரில் முடியாது என்று சொல்லும்போதுதான் எல்லோருக்கும் தேன் வடிகிறது.

வேறு வேறாகத்தான் இருக்கும். விண்ணப்பத்தில் இருந்தது நான் போட்டது. பாஸ்போர்ட்டில் இருந்தது என் அண்ணன் போட்டது.

அண்ணன் எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பேர்தான் ஜெராக்ஸ் கடை, எங்கள் தெருவுக்கு அதுதான் அரசாங்கம். பென்ஷன், மின் இணைப்பு, பரீட்சை, பாஸ்போர்ட் என்று எந்த விண்ணப்பமானாலும் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். நிரப்பி, கையெழுத்தையும் அவனே போட்டு அனுப்பிவிடுவான். ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க யாருக்கு நேரம் இருக்கிறது என்பான். என் பாஸ்போர்ட்டும் அப்படித்தான். நான் காலேஜிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்று கத்தினேன்.

அம்மா அடுப்படியிலிருந்தே, "அவன் போட்டா என்ன, நீ போட்டா என்ன, ஒரே வீடுதானே" என்றாள்.

ஆறு வருஷமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான். பெரிய சுழி ஒன்று, அதிலிருந்து வால் மாதிரி ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. பெரிய மந்திரி என்று நினைப்பு அவனுக்கு.

பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை என் பெயரில் உள்ள கணக்கில்தான் விழும். வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு எண்ணைக் கொடுக்காவிட்டால் இந்த வருஷத்துத் தொகை ரத்து. ரத்தானால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். புதுப் பாஸ்போர்ட் எடுக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வங்கிப் பெண் ஒரு சலுகை செய்தாள். விண்ணப்பத்தை எடுத்து வைத்திருப்பாளாம். வெள்ளிக்கிழமை வந்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டால் அன்றைக்கே கணக்கைத் திறந்து தருவாளாம்.

அறையில் இஸ்திரிப் பலகைதான் எனக்கு மேஜை. அதில் நோட்டை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். சுழி முட்டையாக வந்தது. வால் நடுங்கியது. புள்ளிகள் மட்டும் சரியாக விழுந்தன. புள்ளி வைக்க யாருக்குத்தான் வராது. சொந்தக் கையெழுத்தைக் கள்ளக் கையெழுத்தாகப் போடப் பழகிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். சிரித்தான்.

"இதுக்கா இவ்ளோ ஒப்பாரி? வீடியோ அனுப்புறேன், பாத்துப் போடு பாப்பா."

பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டது. கடை மேஜை, ஒரு வெள்ளைத் தாள், அவன் கை. "சுழிய மேலேருந்து ஆரம்பி. கைய எடுக்காம இழு. புள்ளி கடைசில" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை போட்டான். மூன்றும் அச்சு அசலாக ஒன்றேபோல இருந்தன. எனக்கு எங்கோ உறுத்தியது. ஊரெல்லாம் கையெழுத்துப் போடுகிறவன், ஆறு வருஷத்துக்கு முன் போட்ட என்னுடையது மட்டும் எப்படி நேற்றுப் போட்டதுபோல வருகிறது?

கடைசியில் தாளைத் தூக்கிக் காட்டும்போது அது ஒரு கணம் திரும்பியது. மறுபக்கம் ஏதோ அச்சாகியிருந்தது. கெட்டுப்போன பிரதிகளின் முதுகில்தான் அவன் எப்போதும் எழுதுவான். காகிதத்தை வீணாக்க மனசு வராது. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினேன்.

காலமான அப்பா பெயரிலுள்ள வீட்டில் எனக்குப் பங்கு எதுவும் வேண்டாம், முழுவதையும் அண்ணன் பெயருக்கு மாற்ற மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. கீழே என் பெயர். அதன்மேல் சுழி, வால், இரண்டு புள்ளி. தேதி, நான் இங்கே வந்திறங்கிய மூன்றாவது வாரம்.

மறுபடி கூப்பிட்டேன். தாளின் பின்பக்கம் இருப்பது என்ன என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு பேப்பர் பாப்பா. லோன் வாங்கணும்னா வீடு ஒரே பேர்ல இருக்கணும்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா மாட்டேன்னா சொல்லப்போற? உன்னை ஃப்ளைட் ஏத்தி அனுப்பினது யாரு?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "அண்ணன்கிட்ட எதுக்குடி சண்டை? ஒரே வீடுதானே." இப்போதும் அடுப்படியிலிருந்துதான்.

போனை வைத்துவிட்டு அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து இல்லை என்று நான் சொல்லலாம். சொன்னால் பாஸ்போர்ட்டில் இருப்பதும் என்னுடையது இல்லை. அப்புறம் கணக்கு ஏது, படிப்பு ஏது. அவன் சொல்லிக்கொடுத்தபடி நாளைக்குப் போட்டுவிட்டால் அது என் கையெழுத்தாகிவிடும். அந்தப் பத்திரத்தில் இருப்பதும் கூடவே என்னுடையதாகிவிடும். அவனை மனதாரத் திட்டினேன். திட்டிக்கொண்டே சுழியை மேலிருந்து ஆரம்பித்தேன். இருட்டுவதற்குள் நன்றாகவே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வங்கிப் பெண் ஒரு அட்டையை என் பக்கம் தள்ளினாள். மாதிரிக் கையெழுத்துக்கு மூன்று கட்டங்கள். இனிமேல் இதை வைத்துத்தான் உங்களை அடையாளம் காண்போம் என்றாள். கையை எடுக்காமல் இழுத்தேன், புள்ளிகளைக் கடைசியில் வைத்தேன். வால் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. அவள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அழகான கையெழுத்து என்று பாராட்டினாள்.

கணக்கு எண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"அக்கவுண்ட் ஓப்பன் ஆயிடுச்சா? இனிமே யார் எங்க கேட்டாலும் இதே கையெழுத்தையே போடு பாப்பா. மாத்திடாத."