பத்து விரலிலும் ஒரு கோடு

...இந்தக் கையைத்தான் வெட்கமில்லாமல் நீட்டுகிறாள், பெற்ற தாய்க்குக் கடைசியில் ஒரு வாய் தண்ணீர் ஊற்ற வராத கை, நாளைக்கு மாமா வீட்டுக் கல்யாணத்தில் போட்டோவில் விழ வேண்டுமாம், பஸ் இறங்கி நேரே அக்காவின் அழகு நிலையத்துக்கு வந்து, நகத்தைக் கொஞ்சம் பாத்து விடுக்கா என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், சாவுக்குக் கிடைக்காத பஸ் கல்யாணத்துக்குக் கிடைத்துவிட்டது பார். அக்கா வெந்நீர்க் கிண்ணத்தைத் தங்கையின் முன்னால் ணங்கென்று வைத்தாள். இருக்கட்டும், நகத்தை முடித்துக் கொடுத்துவிட்டே சொல்லலாம், மூன்று மாதமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருப்பதை, இனி நீ யாரோ நான் யாரோ, நாளைக்கு என் பக்கத்தில் வந்து உட்காராதே... இவளுக்கு அதற்குமேல் ஒரு சொல் தண்டம்.

ஊறட்டும் விரல்கள். எதற்குத்தான் இந்தப் பாடு, நகம் செத்தது, முடி செத்தது, மேல்தோலும் செத்ததுதான், உயிருள்ளது எல்லாம் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது, செத்ததைச் சீவிச் சிங்காரிக்க வாசலில் வரிசை நிற்கிறது. பயிற்சி வகுப்பில் வாத்தியார் ஒருவர் வருவார், தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது, ஒரு மாதம் முழுக்க முடியின் வேரைப் பற்றியே பாடம். தோல் என்பது காவல்காரன் அம்மா என்பார், வெயிலைத் தடுக்கும், உள்ளே இருக்கிற ஈரத்தைக் காக்கும், வேர்த்துக் கொட்டி உடம்பை ஆற்றும், தொட்டால் சொல்லும். யாருக்கு வேண்டும் அதெல்லாம், இங்கே வருகிறவளுக்கு ஒரே கவலை, காவல்காரன் வெள்ளையாக இல்லையே என்று. ராத்திரியும் பகலும் உழைக்கிற தோலுக்கு இந்த மரியாதை... இந்தத் தங்கைக்கோ தோல் தடித்துப்போயிற்று, தொட்டாலும் சொல்லாது.

வலது கையை எடுத்துத் துடைத்தாள். சின்ன வயதில் இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தோமாம், அம்மா எல்லாரிடமும் சொல்வாள், சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குப் போனில் இவள் குரல், "காய்ச்சல்க்கா, எந்திரிக்க முடியல", அவ்வளவுதான், வைத்துவிட்டாள். யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெற்றவளைப் பார்க்க வர வழியில்லையா, சித்தி கேட்டாள், அத்தை கேட்டாள், கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னாள் அக்கா, காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை, செலவுக்கும் சீக்குக்கும் பயந்த நடிப்பு என்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அந்த வாயைத் திறந்துவிட்டதே தான்தான், அதிலென்ன தப்பு...

பழைய பாலிஷைத் துடைத்ததும் கட்டைவிரல் நகத்தில் ஒரு பள்ளம் தட்டியது. குறுக்கே, வரப்பு போட்டதுபோல். எங்காவது இடித்துக்கொண்டிருப்பாள், கவனமில்லாத ஜென்மம். அடுத்த விரல். அதிலும். அதற்கடுத்தது... இடது கையை வெந்நீரிலிருந்து வெடுக்கென்று இழுத்துப் பாலிஷைத் துடைத்தாள், அதிலும் ஐந்து, எல்லாம் பாதியைத் தாண்டி ஒரே உயரத்தில், ஒரே நாளில் விழுந்தவை.

"அது என்னக்கா? மொதல்ல அடியில இருந்துச்சு. இப்ப மேல வந்துட்டு இருக்கு."

பத்து விரலும் ஒன்றாக எங்கே போய் இடித்துக்கொள்ளும். மொட்டைத்தலை வாத்தியார் கரும்பலகையில் நகம் வரைந்து குறுக்கே கோடு இழுக்கிறார், உயிர் போய் வருகிற மாதிரி காய்ச்சல் கண்டால் வேரில் நகம் வளர்வது நின்றுவிடும், உடம்பு தேறியதும் மறுபடி வளரும், நின்ற இடம் பள்ளமாக மேலே ஏறி வரும், மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர், தோலுக்கடியில் கிடந்த நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா... சேர்த்தாள். மறுபடி சேர்த்தாள். எப்படிக் கூட்டினாலும் அம்மா போன வாரத்தில்தான் வந்து நின்றது. நடிக்கிறவளுக்கு நகமுமா நடிக்கும்?

"எத்தன நாள் இருந்துச்சு அந்தக் காய்ச்சல்?"

"பதினேழு நாள். ஆஸ்பத்திரியில போட்டிருந்தாங்க." தங்கை விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ கேக்கவே இல்லையேக்கா."

இல்லை, கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருப்பாளா? நகம் ராவும் ஃபைலை எடுத்தாள், கை பழகிய வேலை, நாலு இழுப்பில் பள்ளம் மட்டமாகிவிடும், மேலே சிவப்பு பூசினால் கல்யாணத்தில் ஒருவருக்கும் தெரியாது, இரண்டு மாதத்தில் வளர்ந்து வெட்டுப்பட்டு விழுந்துவிடும், அப்புறம் சித்தியிடமும் அத்தையிடமும் சொன்னது மட்டும்தான் மிச்சம் இருக்கும். ராவாமல் ஃபைலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒத்திகை பார்த்த வாக்கியத்தை மனதுக்குள் எடுத்துப் பார்த்தாள், இனி நீ யாரோ... அப்போதுதான் தங்கையின் விரல்களைப் பிடித்திருந்த தன் விரல்கள் கண்ணில் பட்டன. அம்மா போன அன்று தரையில் புரண்டு எல்லாரையும்விட உரக்க அழுதவளின் விரல்கள். ஒரு நாள்கூட நிற்காமல் வளர்ந்திருந்தன, வழவழவென்று, பத்திலும் ஒரு கோடில்லை.